தண்ணீரில் அடித்த முளை

தண்ணீரில் கூடார முளை அடிக்க முடியாது. ஆனால் யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

டக், டக்... டொக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக், டக்... டொக்.

படகுத்துறையின் கடைசிப் பலகையில் டீச்சர் நின்றிருந்தார். சத்தம் நேர் எதிரே, ஒரு கல்லை எறிந்தால் போய் விழும் தூரத்தில் கேட்டது. அங்கே ஏரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. காற்று அசையவில்லை. பகலெல்லாம் கொளுத்திய வெயிலின் சூடு இன்னும் முகத்தில் அடித்தது. தண்ணீர் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

"டீச்சர்," என்றான் வாலு, குரலைத் தாழ்த்தி. "பேய்க்குக் கால் தரையில படாதுன்னு சொல்வாங்க. அதுக்கு எதுக்கு டென்ட்?"

"வாயை மூடு. காதைத் திற."

டீச்சர் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்றதும் துப்பறிய ஆரம்பித்தார். வகுப்புக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளை இப்போது வெளியே வந்து கேட்கிறார், அவ்வளவுதான். வாலு அவருடைய பழைய மாணவன், கடைசி பெஞ்ச். அங்கே கிடைத்த பட்டப்பெயர் மீசையில் நரை விழுந்த பிறகும் அவனை விடவில்லை. அவனும் அதை விட முயற்சி செய்யவில்லை.

"கேட்குதா டீச்சர்?" என்றாள் அக்கா.

அந்த ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வருகிற எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த முகாமை நடத்துகிறவள் அவள்தான். டீச்சரை வரவழைத்தவளும் அவள்தான்.

"கேட்குதும்மா. நல்லாவே கேட்குது."

அக்கா மூச்சை விட்டாள். "அது என் தம்பி டீச்சர். போன கோடையில இந்த ஏரியில போயிட்டான். படகு மட்டும் கவுந்து கிடந்துது. உடம்பு கிடைக்கலை. ஆனா தினமும் அந்தி நேரத்துல வந்து முளை அடிக்கிறான். ரெண்டு தட்டு, ஒரு அடி. முளை கோணலாப் போயிடக் கூடாதுன்னு முதல்ல ரெண்டு தடவை மெதுவாத் தட்டி நிறுத்துவான், அப்புறம்தான் கொட்டாப்புளியால ஓங்கி அடிப்பான். உலகத்துல வேற யாரும் அப்படி அடிச்சு நான் பாத்ததில்லை."

"மீன் துள்ளுது. வேற ஒண்ணும் இல்லை," என்றார் பக்கத்தில் நின்ற அவள் கணவர். முகாமின் மேனேஜர் அவர். மனைவியின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார்.

"மீன் கையில கொட்டாப்புளி இருக்கா சார்?" என்றான் வாலு.

மேனேஜர் சிரிக்கவில்லை. "போன வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தண்ணிக்குள்ள இறங்கிட்டா. கழுத்தளவு போயிட்டா. நான்தான் முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அதுலேருந்து தூங்கும்போது என் கையையும் இவ கையையும் டென்ட் கயிறால சேத்துக் கட்டிக்கிறேன். நீங்க என்ன கண்டுபிடிப்பீங்களோ தெரியாது. இவளைப் பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, போதும்."

"எனக்கு டாக்டர் வேண்டாம்," என்றாள் அக்கா. "அவன் செத்துட்டான்னு எனக்கும் தெரியும். அவனுக்கு என்ன வேணும்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க டீச்சர். சொல்லலைன்னா நானே போய்க் கேட்டுக்கறேன்."

அதைச் சொன்ன விதத்தில் அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போலச் சொன்னாள்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மர முளையை மரக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது ஒரு விஷயம் நடக்கும். முளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரை சத்தம் கொஞ்சம் கணீரென்று இருக்கும், ஏனென்றால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அதிர இடமிருக்கிறது. மண்ணுக்குள் இறங்க இறங்க, மண் அந்த அதிர்வைத் தின்றுவிடும். சத்தம் அமுங்கிக்கொண்டே போகும். ஏரியின் மேல் கேட்ட சத்தமும் அப்படித்தான் ஒவ்வொரு முறையும் கணீரென்று தொடங்கி அமுங்கலில் முடிந்தது.

"வாலு, அந்த முளை மண்ணுக்குள்ள இறங்குது."

"எந்த மண்ணு டீச்சர்? அங்க இருக்கிறது முழுக்கத் தண்ணி."



காலையில் இருவரும் படகை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார்கள். வாலு துடுப்புப் போட்டான். டீச்சர் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தார். கயிறு தீர்ந்தது, தரை வரவில்லை. மலை ஓடைகள் வந்து சேர்கிற ஆழமான ஏரி. கல்லோடு மேலே வந்த கயிறு சில்லென்று இருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, டீச்சர் ஏதோ யோசனையில் ஆழ்ந்தார்.

"இங்க கீழேருந்து ஒரு கை வந்து துடுப்பைப் பிடிச்சா நான் துடுப்பைக் குடுத்துடுவேன். முன்னாடியே சொல்லிட்டேன்," என்றான் வாலு.

"உன் பேன்ட்ல என்னடா அது?"

வாலு குனிந்து பார்த்தான். உட்கார்ந்த இடம் முழுக்க வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. படகின் அடியிலும் இடுக்குகளில் அதே பஞ்சு.

"தலையணை கிழிஞ்சிருக்கும்."

"நாணல் பூவோட பஞ்சு. காஞ்சதும் உதிரும்." டீச்சர் திரும்பி முகாம் இருந்த கரையைப் பார்த்தார். மணலும் கல்லும்தான். ஒரு நாணல்கூட இல்லை. அப்புறம் எதிர்க்கரையைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேல் நாணல் காடு, கரை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் குன்று செங்குத்தாக இறங்குவதால் சாலை கிடையாது, வீடு கிடையாது. படகில் போனால்தான் உண்டு.

திரும்பி வந்ததும் மேனேஜரிடம் கேட்டார். "இந்தப் படகை யார் எடுப்பாங்க?"

"நான்தான். மீன் பிடிக்க. நடு ஏரி வரைக்கும் போவேன்."

"அந்தக் கரைக்கு?"

"அங்கயா? ஐயோ, வேண்டாம் டீச்சர். முழுக்கச் சேறு, ஆளை இடுப்பு வரைக்கும் இழுத்துடும். மச்சானைத் தேடற அன்னைக்குப் போனதோட சரி. போலீஸ் தண்ணியில தேடினாங்க, அந்தக் கரையை நான் தேடினேன்."

"தனியாவா?"

"அந்த இடம் எனக்குத்தானே தெரியும்."

வாலு டீச்சரின் காதில் ஓதினான். "நடு ஏரியில எந்த மீன் நாணல் வளக்குதுன்னு கேக்கட்டுமா?"

"கேக்காதே."

மதிய வெயிலில் முகாம் வெறிச்சோடிக் கிடந்தது. வேப்பமர வரிசைக்குக் கீழே கூடாரங்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒன்றில்கூட ஆள் இல்லை. நைலான் துணி வெயிலில் படபடத்தது. யாரோ விட்டுப்போன செருப்பு ஒற்றையாகக் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர்க் குழாயடியில் வாளி காய்ந்திருந்தது. முன்பெல்லாம் அந்தி நேரத்தில் இங்கே காது கொடுக்க முடியாது என்றாள் அக்கா. ரேடியோ, குழந்தைகள், கிட்டார், சமையல் சத்தம். தம்பி போனதும் துக்கத்தில் முகாமை மூடிவைத்தார்கள். அந்த அமைதியில்தான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. மறுபடி திறந்தபோது வந்தவர்களும் கேட்டார்கள். அடுத்த நாளே சாமானைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

"தினமும் வருமா?" என்று கேட்டார் டீச்சர்.

"காத்து அடிச்சா வரமாட்டான். மழை பேஞ்சாலும் வரமாட்டான்."

"நனைஞ்சா சளி பிடிக்கும்னு பயம் போல," என்றான் வாலு. டீச்சர் முறைத்ததும் கூடாரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

அக்கா பேசிக்கொண்டே வரிசையாகக் கூடாரங்களைச் சுற்றிவந்தாள். ஒவ்வொன்றிலும் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், முளையைக் காலால் மிதித்துப் பார்ப்பாள். ஆட்டம் கண்ட முளையைக் கொட்டாப்புளியால் ஒரு போடு போடுவாள்.

"எதுக்கும்மா இது? நைலான் கயிறு தளராதே."

"பழக்கம் டீச்சர். அப்பா காலத்துல எல்லாமே கித்தான் துணி டென்ட், பருத்திக் கயிறு. பருத்திக் கயிறு ஈரம் பட்டா சுருங்கும். ராத்திரி பனி இறங்கினா கயிறு விறைச்சு, முளையையே பிடுங்கி எறிஞ்சிடும். தூங்கறவங்க தலையில டென்ட் விழும். அதனால இருட்டறதுக்கு முன்னாடி ஒரு சுத்து வரணும். கயிறை எல்லாம் கொஞ்சம் தளர்த்தி விடணும். பகல் வெயில்ல மணல் காஞ்சு முளை ஆட்டம் கண்டிருக்கும், அதையும் தட்டி இறுக்கணும். தம்பி ஒரு நாள்கூட விட்டதில்லை."

டீச்சர் நின்றுவிட்டார். "மழை பேஞ்ச அன்னைக்கு?"

"அன்னைக்கு எதுக்கு? மழை வரும்போதே தளர்த்திடுவோம். மணலும் நனைஞ்சு முளையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

இதைச் சொல்லி முடித்தபோதும் அக்காவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்தது. ஏரியின் மேல் முளை அடிக்கிற அந்த ஆவிக்கு ஒரு கித்தான் கூடாரம் இருக்கிறது. பருத்திக் கயிறு இருக்கிறது. பனிக்கும் மழைக்கும் அது கணக்குப் பார்க்கிறது. தலையில் கூடாரம் விழுமே என்று கவலைப்படுகிறது.

"கித்தான் டென்ட் இப்ப எதுவும் இல்லையா?"

"ஒண்ணு இருந்துது. தம்பி போன அன்னைக்கு அதுவும் போச்சு. படகுல வெச்சிருப்பான், மூழ்கியிருக்கும்னு இவர் சொன்னார்."

"அந்த நாள் என்ன நடந்துச்சு?"

"ஒரே கலவரம் டீச்சர். தங்கியிருந்த ஒருத்தர் டென்டுக்குள்ள மூச்சுப் பேச்சில்லாமக் கிடந்தார். கொசுவுக்காகக் கரி நெருப்புச் சட்டியை உள்ள வெச்சு, காத்து வர்ற மூடியையும் இழுத்துக் கட்டிட்டாங்க. கரிப்புகை தாக்கிடுச்சு. இவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினார். நல்லவேளை, அந்த ஆள் பிழைச்சுட்டார். எல்லாம் அடங்கினப்புறம் பாத்தா தம்பியைக் காணோம். மறுநாள் படகு கவுந்து மிதக்குது."

வாலு கூடாரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

பொழுது சாயத் தொடங்கியபோது டீச்சர் அவனைப் பாறைகளுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு சின்னப் படகு இருந்தது.

"சத்தம் காட்டாம எதிர்க்கரைக்குப் போ. நாணலுக்கு முன்னாடி படகை நிறுத்திட்டு உக்காந்து பேசிட்டே இரு. கத்தாதே. நீயும் நானும் இப்பப் பேசற மாதிரி."

"யார்கிட்ட பேசறது?"

"யார்கிட்டயும் இல்லை. வாய்க்கு வந்ததை."

"அது நான் பொறந்ததிலேருந்து செய்யறதுதானே. ஆனா அங்க பேசினா இங்க உங்களுக்கு எப்படிக் கேட்கும்?"

"போடா."

அந்தி இறங்கியது. காற்று நின்றது. படகுத்துறையில் மூன்று பேர் நின்றார்கள். டீச்சர், அக்கா, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடி மேனேஜர். எதிர்க்கரை வெறும் சாம்பல் கோடாகத் தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு அமைதியாக இருந்ததில், எதுவோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல் இருந்தது.

"உங்க அசிஸ்டென்ட் எங்க?" என்றார் மேனேஜர்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஏரி பேசியது.

"கேட்குதா டீச்சர்?"

அக்கா துள்ளிவிட்டாள். குரல் அவள் காலடியில், பலகைக்குக் கீழே தண்ணீரில் இருந்து வந்தது போல் இருந்தது.

"கேட்காது. எப்படிக் கேட்கும்? அப்ப தைரியமாச் சொல்லிடலாம். டீச்சர், நீங்க கார் ஓட்டும்போது நான் கண்ணை மூடிட்டு வர்றது தூக்கத்துல இல்லை. பயத்துல. அப்புறம், நீங்க போடற டீ. அதை டீன்னு சொன்னா தேயிலைத் தோட்டமே கோவிச்சுக்கும்..."

"இது... வாலுவோட குரல்," என்றாள் அக்கா. "அவர் எங்க இருக்கார்?"

"எதிர்க்கரையில."

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை.

"பயப்படாதம்மா, சொல்றேன்," என்றார் டீச்சர், அவள் காதோரம் குனிந்து. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது வரும் உற்சாகம் அவர் குரலில் தானாக வந்துவிட்டது. "சத்தம் ஒரு கோடு மாதிரி ஓடுதுன்னு நினைக்காதே. நின்னபடியே நகர்ந்து வர்ற சுவர் மாதிரி நினைச்சுக்கோ. சூடான காத்துல அது வேகமாப் போகும், குளிர்ந்த காத்துல மெதுவாப் போகும். இந்த ஏரித் தண்ணி மலைத் தண்ணி, சில்லுன்னு இருக்கு. அதை ஒட்டிக் கிடக்கிற காத்தும் குளிர்ந்து போச்சு. ஆனா மேல இருக்கிறது பகல் முழுக்க வெந்த காத்து. அப்ப சுவரோட கால் மெதுவா வருது, தலை வேகமா வருது. என்ன ஆகும்?"

"முன்னாடி சாயும்," என்றாள் அக்கா, தன்னை அறியாமல்.

"சாயும். தள்ளுவண்டியோட ஒரு சக்கரம் மணல்ல மாட்டினா வண்டி மணல் பக்கமே திரும்பும் பாரு, அதே மாதிரி. மேல போய்த் தொலைய வேண்டிய சத்தம், வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்கே திரும்பி வருது. தண்ணியோ கண்ணாடி மாதிரி இருக்கு, அதுல பட்டுத் தெறிச்சு, மறுபடி வளைஞ்சு இங்க வந்து சேருது. தேயாம வர்றதால பக்கத்துல கேக்கற மாதிரி இருக்கு. நம்ம காது, தெளிவா இருக்கிறதெல்லாம் பக்கத்துல இருக்குன்னு நினைச்சுக்கும். காத்து அடிச்சா சூடும் குளிரும் கலந்துடும், சத்தம் வராது. அதான் காத்து அடிக்கிற அன்னைக்கு வரலை. நீ இந்தக் கரையிலயே பொறந்து வளந்தவ. ஆனா அந்தக் கரையில எப்பவுமே ஆள் கிடையாது. ஆள் இருந்தாத்தானே அங்க பேசறது இங்க கேட்கும்னு தெரியும்?"

"...இட்ட வேலையைச் செய்யறேன், கையில ஒரு பன் கூடக் குடுத்து அனுப்பலை," என்று தண்ணீர் புலம்பிக்கொண்டிருந்தது. "கொசு வேற. கடிக்கிற கொசுவை அடிக்கக் கூடாதுன்னு மட்டும்தான் நீங்க இன்னும் சொல்லலை..."

அப்போது இன்னொரு குரல் கேட்டது.

"யாரு அது?"

அக்காவின் உடம்பு மொத்தமும் நின்றுபோனது.

ஏரியில் எதுவோ தடால் என்று விழுந்தது. "ஐயோ! டீச்சர்! பேய்! தாடி வெச்ச பேய்!" தண்ணீரில் துடுப்பு அடிபடும் சத்தம். "கிட்ட வராதே! நான் ரொம்பக் கெட்டவன்!"

"பயப்படாதீங்க. நீங்க போலீஸா?"

"நீ... நீங்க ஆளா? கால் தரையில படுதா?"

"மாமா அனுப்பினாரா உங்களை?" அந்தக் குரல் கரகரத்தது, வெகு நாள் பேசாத குரல். "போலீஸ் இன்னும் முகாம்லதான் இருக்காங்களா? நான் வேணும்னு செய்யலைங்க. காத்து மூடியைத் திறந்துதான் விட்டேன்னு ஞாபகம். மாமா, மூடியிருந்துதுன்னு சொல்றார். அந்த ஆள் என்னாலதான் செத்துட்டார்."

"யாரு செத்தது?" என்றான் வாலு. "கரிப்புகையிலயா? அவர் பிழைச்சுட்டார்னுதானே சொன்னாங்க?"

"பிழைச்சுட்டாரா?"

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது தம்பியின் குரல். "எங்க அக்கா உயிரோட இருக்காளா?"

"என்ன கேள்வி இது?"

"மாமா நல்லா இருக்கான்னுதான் சொல்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் அந்தி சாஞ்சதும் தண்ணிக்குள்ளேருந்து 'தம்பி'ன்னு கூப்பிடறா. போன வாரம் ரொம்பக் கிட்ட வந்து கூப்பிட்டா. அப்புறம் ஏதோ தண்ணியில முங்கற சத்தம். அதுலேருந்து நான் தூங்கலைங்க. அவ என்னைத் தேடி வந்து தண்ணியில போயிட்டா. அவளோட ஆவிதான் கூப்பிடுது."

மேனேஜர் பிடித்திருந்த கை நழுவியது. அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "என்னங்க. அந்த நெருப்புச் சட்டியை உள்ள வெச்சது யாரு?"

"கொசு கடிக்குதுன்னு அந்த ஆள் தொணதொணத்தார்," என்று முணுமுணுத்தார் மேனேஜர். "நான்தான் வெச்சேன். புகை வெளிய போகக் கூடாதுன்னு மூடியை இழுத்துக் கட்டினதும் நான்தான். போய்ப் பாத்தா கிடக்கிறார், மூக்குல மூச்சே தெரியலை. செத்துட்டார்னே நினைச்சேன். கை கால் ஓடலை. மச்சான்தான் அன்னைக்கு டென்ட் சுத்து வந்தவன். 'நீ மூடியைத் திறக்க மறந்துட்டே, ஓடிப் போய் ஒளிஞ்சுக்கோ, நான் பாத்துக்கறேன்'னு சொன்னேன். அவன் நம்பிட்டான். ராத்திரி அவனை டென்டோட அந்தக் கரையில விட்டுட்டு வந்து படகைக் கவுத்து விட்டேன். அந்த ஆள் கண் முழிச்சப்போ இங்க நீ அழுதுட்டிருந்தே, போலீஸ் வந்தாச்சு. அவன் திரும்பி வந்தா எல்லாம் என்கிட்டதான் வந்து நிக்கும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"வாராவாரம் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோய்க் குடுத்தீங்க. அதான் படகு முழுக்க நாணல் பஞ்சு," என்றார் டீச்சர். "அவன்கிட்ட ஒரு சாவு சொன்னீங்க, இவகிட்ட ஒரு சாவு சொன்னீங்க. ரெண்டுமே நடக்கலை. ஆனா போன வாரம் மூணாவதா ஒண்ணு நடக்க இருந்துது."

"அதான் கயிறு கட்டினேன்," என்றார் அவர். அழுதார்.

அக்கா பலகையின் நுனிக்குப் போனாள். தண்ணீர் அவள் விரல்களைத் தொட்டது. டீச்சர் சட்டென்று அவள் தோளைப் பிடித்தார்.

"இறங்க மாட்டேன் டீச்சர்," என்றாள் அவள். "அவன்கிட்ட எப்படிச் சொல்றது? படகு போறதுக்குள்ள பயந்துக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிட்டான்னா?"

"படகு வேண்டாம். கத்தவும் வேண்டாம், கத்தினா அழுகை மாதிரி இருக்கும், மறுபடியும் ஆவின்னு நினைப்பான். அங்கேருந்து இங்க வர்ற பாதைதான் இங்கேருந்து அங்க போறதும். காத்து அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, உக்காந்து, வீட்டுல பேசற மாதிரி பேசு."

அக்கா உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாதாரணக் குரலில், எதிரே இருக்கிறவனிடம் சொல்வது போல் ஏரியிடம் சொன்னாள்:

"தம்பி, அக்காதான் பேசறேன். படகுத்துறையில உக்காந்திருக்கேன். அந்த ஆள் சாகலை. நானும் சாகலை. நீயும் சாகலை. உனக்குப் பக்கத்துல இருக்காரே, அவர் நம்ம ஆளு. அவரோட படகுல ஏறி வா."